விழுகிற ஸ்கேலைப் பிடிக்க எவ்வளவு நேரம்?

தாம்பரம், சேலையூர், மேடவாக்கம் பக்கம் ஞாயிற்றுக்கிழமை காலையில் காலி மைதானம் கிடைப்பது கஷ்டம். ஆடுகிற பையன் நெற்றியில் பந்து பட்டால் எங்கும் ஒரே வைத்தியம்தான். முகத்தில் தண்ணீர் அடிப்பார்கள், விரலைக் காட்டி ‘எத்தனை?’ என்பார்கள். ‘ரெண்டுண்ணா’ என்று அவன் சொல்லிவிட்டால், ‘ஒண்ணுமில்லடா, போய் நில்லு.’

கன்கஷன் எனப்படும் மூளை அதிர்ச்சி இந்தக் கேள்வியில் பெரும்பாலும் சிக்காது. அதிர்ந்த மூளையும் சரியான பதிலைச் சொல்லிவிடும். கொஞ்சம் தாமதமாகச் சொல்லும், அவ்வளவுதான். அந்தத் தாமதம் நொடியில் நூறில் சில பங்கு. பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, அளக்கத்தான் வேண்டும்.

அளப்பதற்கு மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர் ஜேம்ஸ் எக்னர் குழு எடுத்துக்கொண்டது ஸ்கேல் போன்ற ஒரு குச்சியும், அடியில் கனமான ரப்பர் வட்டும். வீரர் முன்கையை மேசை மேல் வைத்து, விரல்களை விரித்து, வட்டைத் தொடாமல் காத்திருப்பார். சொல்லாமல் கொள்ளாமல் குச்சியை விடுவார்கள். எத்தனை சென்டிமீட்டர் விழுந்தபின் பிடித்தார் என்பதே கணக்கு. புவியீர்ப்பு எந்த ஊரிலும் ஆளுக்கு ஆள் சலுகை காட்டாததால், தூரம் தெரிந்தால் நேரம் தெரிந்துவிடும்: 20 செ.மீ. என்றால் ஏறக்குறைய 0.20 நொடி, 25 செ.மீ. என்றால் 0.226. ஒருமுறை பிடித்ததை வைத்து எதுவும் சொல்லக்கூடாது. பலமுறை விட்டுச் சராசரி பார்க்க வேண்டும்.

2010இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில் 209 கல்லூரி வீரர்களை சீசனுக்கு முன்பே சோதித்து வைத்திருந்தார்கள். பின்னர் கன்கஷன் ஏற்பட்ட 8 பேரில் 7 பேருக்குப் பிடிக்க எடுக்கும் நேரம் கூடியிருந்தது, சராசரியாகச் சுமார் 15 சதவீதம். எட்டு பேர் சின்ன எண்ணிக்கைதான். ஆனால் இதில் எனக்குப் பெரிதாகப் படுவது அந்த ‘முன்பே’. ஒருவர் இயல்பாகவே 18 செ.மீ.யில் பிடிப்பார், இன்னொருவர் 24இல். அடிபட்ட பிறகு மட்டும் அளந்தால் 24 என்பது நோயா, சுபாவமா?

ஸ்கேனில் பார்த்துக்கொள்ளலாமே என்று தோன்றும். சி.டி. ஸ்கேன் ரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும் காட்டும். கன்கஷனில் அது பெரும்பாலும் நார்மல் என்றே வரும். நரம்பிழைகள் இழுபட்டு, செல்லுக்குள் இருக்கவேண்டிய பொட்டாசியம் வெளியேறி, கால்சியம் உள்ளே புகுந்துவிடுகிறது. அதைச் சீர்செய்யவே மூளையின் சக்தி செலவாவதால் மற்ற வேலைகள் மந்தமாகின்றன.

மந்தம் உடனே தெரியவேண்டும் என்றும் இல்லை. 2020 டிசம்பர் 4, கான்பெரா டி20யின் கடைசி ஓவரில் ஸ்டார்க் பந்து ஹெல்மெட்டில் பட்ட பிறகும் ஜடேஜா ஆடி முடித்தார். தலைசுற்றல் என்று டிரெஸ்ஸிங் ரூமில்தான் சொன்னார். அவருக்குப் பதிலாக இறங்கிய சஹல் 3 விக்கெட் எடுத்ததும், நம் நடராஜன் அன்று டி20யில் அறிமுகமானதும் நினைவிருக்கும், கன்கஷன் மறந்திருக்கும்.

கபடியில் ஹெல்மெட்டும் கிடையாது. 2025இல் பஹ்ரைனில் ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வென்ற அணியில் இருந்த கார்த்திகா, நம் தென்புறநகர்க் கண்ணகி நகர்ப் பெண். அவரைப் பார்த்து இறங்குகிற பிள்ளைகளுக்கு, ரைடரை மடக்கும் நெரிசலில் முழங்கால் தலையில் இடிப்பதுதான் அபாயம்.

2023இல் வந்த ஸ்காட்6 என்ற சர்வதேசச் சோதனை முறையில் ஸ்கேல் இல்லை. மாதங்களைப் பின்னிருந்து சொல்ல எத்தனை நொடி, குதிகாலும் விரலும் ஒட்ட 3 மீட்டர் நடந்து திரும்பி வர எத்தனை நொடி என்று அங்கேயும் நேரம்தான் பார்க்கிறார்கள். பங்குனியில் தொடங்கிச் சித்திரைக்கு வா என்றால் அடிபடாத நாமே தடுமாறுவோம். முன்பே அளந்து வைக்க அதுவும் ஒரு காரணம்.

தூக்கம் கெட்டாலும், காய்ச்சல் அடித்தாலும் கை தாமதிக்கும். ஆகவே ஸ்கேல் சந்தேகத்தைக் கூட்டலாம், தீர்க்க முடியாது. பழைய அளவு வந்துவிட்டது என்பதற்காகத் தலைவலியோடு இருப்பவனை இறக்கக்கூடாது. சந்தேகம் வந்தாலே அன்றைக்கு ஆட்டம் கிடையாது. வாந்தி, வலிப்பு, கூடிக்கொண்டே போகும் தலைவலி, மயக்கம் என்றால் ஸ்கேலைத் தேடாமல் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.