பிள்ளைகள் மட்டும் ஏறிய ரயில்

1938 நவம்பர் 9 இரவு ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் யூதர்களின் கடைகளையும் வழிபாட்டு இடங்களையும் நாஜிகள் சூறையாடினார்கள். அதன் பிறகு பிரிட்டன், 17 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளை ஏற்கச் சம்மதித்தது. பெற்றோர் உடன் வரக்கூடாது.

ஒன்பது மாதங்களில் ஏறத்தாழ 10,000 பிள்ளைகள் ரயிலிலும் கப்பலிலும் போய்ச் சேர்ந்தார்கள். கையில் ஒரு சிறு பெட்டி, 10 மார்க் பணம். கழுத்தில் எண் எழுதிய அட்டை. (பார்சலுக்குத்தான் நாங்கள் அப்படிக் கட்டுவோம்.) 1939 செப்டம்பர் 1 அன்று பிராகிலிருந்து சுமார் 250 பேருடன் கிளம்ப வேண்டிய ரயில், அன்றே போர் மூண்டதால் கிளம்பவில்லை.

ரயில்வேயில் காலம் கழித்த எனக்கு ஜீரணிக்க முடியாத விஷயம் ஒன்று உண்டு. பின்னாளில் யூதர்களைக் கொலை முகாம்களுக்கு ஏற்றிச்சென்ற ஜெர்மன் ரயில்வே, அதற்கு மூன்றாம் வகுப்புக் கட்டணம் கணக்கிட்டது. 10 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அரை டிக்கெட். 4 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இலவசம். திரும்பி வர டிக்கெட் காவலர்களுக்கு மட்டும். கொல்லப்பட்ட குழந்தைகள் சுமார் 15 லட்சம். இந்தக் கணக்கையும் யாரோ ஒரு குமாஸ்தா ஒழுங்காக எழுதித்தானே இருப்பார்!

தப்பிய பிள்ளைகளில் பலர் பெற்றோரை மீண்டும் பார்க்கவில்லை. பிழைத்து வந்த சில தாய்மார்களோடு பேச, பிள்ளைக்கு ஜெர்மன் மறந்துபோயிருந்தது. நம் பிள்ளைகள் தமிழை மறக்கிறார்களே என்று கவலைப்படும் நமக்கு இது புரியும்.

லண்டன் செல்லும் அன்பர்கள் லிவர்பூல் ஸ்ட்ரீட் ஸ்டேஷனில் இப்பிள்ளைகளின் சிலையைப் பார்க்கலாம். 2006இல் அதை வைத்த சிற்பி பிராங்க் மைஸ்லரும் அப்படி வந்திறங்கிய சிறுவன்தான்.