காட்டு லீக்ஸ்: செடிக்கு ஓர் இலை போதும்

பனி உருகி, மேப்பிள் மரங்கள் இன்னும் தளிர்க்காத ஏப்ரல் மாதத்தில், ஒன்ராறியோக் காடுகளில் முதலில் தலைகாட்டும் பசுமைகளுள் ஒன்று காட்டு லீக்ஸ். நுவரெலியா லீக்ஸை உண்டு பழகியோருக்கு இதன் சுவை அந்நியமன்று; வெங்காயமும் உள்ளியும் கலந்த மணம். வீட்டுத் தோட்டத்திலும் இதனை வளர்க்கலாம். ஆனால், பொறுமையும் எச்சரிக்கையும் வேண்டும்.

மர நிழலும், ஈரம் தங்கும் இலைமக்கு மண்ணும் இதற்கு உகந்தவை. குமிழ்களைக் காட்டில் தோண்டாமல் நாற்றுப்பண்ணையில் வாங்குவோம். விதையிலிருந்து வளர்த்தால், முளைப்பதற்கே ஒன்றரை ஆண்டு வரை செல்லலாம்; அறுவடைக்கு 5 முதல் 7 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். கோடை தொடங்கும்போது இலைகள் மஞ்சளாகி மறைந்துவிடும். செடி பட்டுவிட்டதென எண்ணி மண்ணைக் கிளறலாகாது. குமிழ் உள்ளே உறங்குகிறது.

இத்துணை மெதுவாக வளர்வதைக் குமிழோடு பிடுங்கினால், பல ஆண்டு வளர்ச்சி ஒரு நாளில் அழியும். அளவுமீறிப் பறிக்கப்பட்டதால், கியூபெக் மாகாணம் 1995 முதல் இதன் விற்பனையைத் தடைசெய்துள்ளது. எனவே, நன்கு வளர்ந்த செடியில் ஓர் இலையை மட்டும் கத்தரித்து, எஞ்சியவற்றைக் குமிழுக்கு விட்டுவைப்போம். அந்த இலைகளைத் தேங்காய்ப்பூவுடன் வறையாக்கலாம்.

இனி, நாம் வலியுறுத்த விரும்புவது. பல வீடுகளில் அழகுக்காக நடப்படும் 'லில்லி ஒஃப் த வலி' என்னும் பூச்செடியின் இலைகளும் பார்வைக்கு இவ்வாறே இருக்கும். அதன் நஞ்சு, இதய நோயாளர் சிலர் உட்கொள்ளும் டிஜொக்சின் மருந்தைப் போன்று இதயத் துடிப்பைத் தாக்குவது. ஒவ்வோர் இலையையும் தனித்தனியே கசக்கி முகருங்கள். உள்ளி மணம் இல்லையெனில் எறிந்துவிடுங்கள். முன்னர் பறித்த இலையின் மணம் கையில் ஒட்டியிருந்து ஏமாற்றக்கூடும். ஆதலால் மணத்தை மட்டும் நம்பலாகாது. இரண்டையும் அருகருகே நடவும் வேண்டாம். ஐயமிருந்தால் உண்ணாதீர்கள்.

தவறி உண்டபின் வாந்தி, தலைச்சுற்று, துடிப்பில் மாற்றம் ஆகியன தோன்றினால், உடனே 911ஐ அழையுங்கள்; உண்ட இலையின் மிச்சத்தையும் கையோடு கொண்டுவாருங்கள். சிகிச்சைக்கு அது பெரிதும் உதவும்.

வார்ஃபரின் உட்கொள்வோர், கீரைவகைகளைத் திடீரெனக் கூட்டவோ குறைக்கவோ முன்னர் தம் வைத்தியரிடம் கேட்பது நலம்.