கயிறு யார் கையில்?



கடலே இல்லாத சந்திரகிரியில் குடியிருப்பவன் முக்குளிப்பைப் பற்றி எழுதுவானேன் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் விடுமுறை வந்தால் நம்மில் சிலர் புதுச்சேரிக்கோ அந்தமானுக்கோ புறப்பட்டுவிடுகிறோம். முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு, ‘ஸ்கூபா’ முறையில் கடலடியைக் கண்டு வருகிறோம். கட்டணம் எவ்வளவு என்று விசாரிக்கிறோம். கற்றுத் தருபவரைக் கண்காணிப்பவர் யார் என்று விசாரிப்பதில்லை.

ஆபத்து எங்கே இருக்கிறது? பௌதிக மாணவன் என்ற முறையில் ஒரு கணக்குச் சொல்கிறேன். சந்திரகிரிக் கோட்டையின் பாறைக்குன்று ஏறத்தாழ 180 மீட்டர் உயரம். அதன் உச்சிக்கு ஏறினாலும் காற்றழுத்தம் நூற்றுக்கு இரண்டு பங்குதான் குறையும். கடலிலோ 10 மீட்டர் இறங்கினாலே அழுத்தம் இரு மடங்காகிவிடும். அங்கே சிலிண்டர்க் காற்றை நெஞ்சு நிறைய இழுத்து, மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தால், பாயில் விதிப்படி அக்காற்று இரு மடங்காக விரியப் பார்க்கும், நுரையீரல் கிழியும். ‘மூச்சை அடக்காதே’ என்பது முதற்பாடம். பயந்துபோன மாணவன் அதை மறக்கும் கணத்தில், கை எட்டும் தூரத்தில் ஆசிரியர் இருந்தாக வேண்டும்.

பிரான்சில் கூஸ்டோவும் காஞ்ஞானும் 1943-இல் இக்கருவியை உருவாக்கினார்கள். கருவி பரவியதும் ஆசிரியர்களைத் தயாரிக்கும் ஸ்தாபனங்கள் தோன்றின. அமெரிக்காவில் 1960-இல் ‘நாவி’யும் 1966-இல் ‘பாடி’யும் பிறந்தன. இவை அரசாங்க இலாகாக்கள் அல்ல, தனியார் அமைப்புகள்.

‘பாடி’யின் முறையைப் பார்ப்போம். ஆசிரியர் தேர்வுக்கு வருபவர் குறைந்தது 100 முறை முக்குளித்த பதிவு காட்ட வேண்டும். பயிற்சி அளித்தவரே தேர்ச்சி வழங்க முடியாது. நம் தேர்வுகளுக்கு வெளியிலிருந்து தேர்வாளர் வருவதுபோல, ஸ்தாபனம் வேறொருவரை அனுப்பும். தேறியவர் ஆண்டுதோறும் உறுப்பினர் உரிமையைப் புதுப்பிக்க வேண்டும். தொடக்கநிலைப் பயிற்சியில் ஓர் ஆசிரியருக்கு எட்டு மாணவர்களுக்கு மேல் கூடாது. ஆழம் 18 மீட்டரைத் தாண்டக் கூடாது. பயிற்சி முடித்தவர்களுக்கு வினாத்தாள் அனுப்பி, பாடங்கள் ஒழுங்காக நடந்தனவா என்று கேட்பதும் உண்டு. புகார் வந்தால் விசாரணை. குற்றத்துக்கு ஏற்ப மறுபயிற்சி, இடைநீக்கம், அல்லது அடியோடு நீக்கம். சர்வதேசத் தர நிர்ணய அமைப்பும் 2007-இல் ஆசிரியர்களுக்கெனப் பொதுவான தரவிதிகளை வெளியிட்டது.

ஏற்பாடு நல்லதுதான். ஆனால் இதில் ஒரு பலவீனம் உண்டு. ஆசிரியர்கள் கட்டும் சந்தாவும் சான்றிதழ்க் கட்டணமும் ஸ்தாபனத்தின் வருமானம். கண்காணிக்கப்படுபவரே கண்காணிப்பவருக்குப் படியளக்கிறார்! மேலும், ஒவ்வொரு படகிலும் மேற்பார்வையாளர் ஏறிவர முடியாது. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் 1998-இல் ஓர் அமெரிக்கத் தம்பதியரைக் கடலிலேயே விட்டுவிட்டுப் படகு கரை திரும்பியது. இருவரைக் காணோம் என்பதே இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. அவர்கள் கிடைக்கவேயில்லை. இன்று அங்கே படகில் ஆட்களை எண்ணிக் கணக்கெடுப்பது சட்டப்படி கட்டாயம்.

என் பாட்டி தூத்துக்குடிக்காரர். அங்கே முத்துக் குளிப்பவர்கள் இடுப்புக் கயிற்றை மைத்துனர் கையில்தான் கொடுப்பார்களாம். உடன்பிறந்தாளின் தாலி அந்தக் கயிற்றில் இருக்கிறது. அவன் கண்ணயர மாட்டான் அல்லவா? மேற்பார்வையின் தத்துவம் முழுதும் இதில் அடங்கியிருக்கிறது. மேலே நிற்பவனுக்குக் கீழே இருப்பவன் உயிரில் அக்கறை இருக்க வேண்டும்.

இன்று நமக்குக் கயிறு பிடிப்பது யார்? பாதி ஸ்தாபனம், மறுபாதி நாமேதான். போகுமுன் ஆசிரியரின் உறுப்பினர் எண்ணைக் கேளுங்கள்; அது இன்னும் செல்லுபடியாகிறதா என்று ஸ்தாபனத்திடம் விசாரியுங்கள். ஒருவர் எத்தனை பேரை அழைத்துச் செல்கிறார் என்று பாருங்கள். ஒருநாள் அறிமுக முக்குளிப்புக்குக் கடலில் ‘பாடி’ விதித்த உச்ச வரம்பு நான்கு பேர். உடல்நலப் படிவத்தில் ஆஸ்துமாவை மறைக்காதீர்கள். திரும்பியபின் வினாத்தாள் வந்தால், “அண்ணன் நல்லவர்” என்ற தாட்சண்யத்துக்காக எல்லாவற்றுக்கும் ‘ஆம்’ போடாதீர்கள். குறை கண்டால் எழுதுங்கள். அடுத்த வாரம் அதே இடத்தில் இறங்கப்போகும் முகமறியா மாணவனின் கயிறு, அந்த விடைத்தாளின் வழியாக உங்கள் கையில் இருக்கிறது.