புற்றுநோய் ஆய்வும் பொதுப் படிமக்கூடங்களும்

மனித உடலைக் கீறாமலே அதன் உட்புறத்தைக் காண வேண்டும் என்னும் விருப்பம், 1895ஆம் ஆண்டு ராண்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டறிந்தபோது நிறைவேறத் தொடங்கிற்று. சி.டி. ஸ்கேன், எம்.ஆர்.ஐ., பெட் ஸ்கேன் என அதன்பின் வந்த கருவிகளின் பெயர்கள் இன்று நம் இல்லங்களிலும் புழங்குகின்றன. ஆயினும், இக்கருவிகள் ஆய்வுலகில் எவ்வாறு ஆளப்படுகின்றன, அவற்றையும் அவை தரும் படிமங்களையும் பலர் பங்கிட்டுக்கொள்ள வேண்டிய தேவை ஏன் எழுந்தது என்பன பரவலாக அறியப்படாதவை. சிக்கனம் கருதியே இப்பங்கீடு என்று எண்ணுவோர் உளர். அஃது ஓரளவே உண்மை. பங்கீடு இல்லையேல் புற்றுநோய்ப் படிம ஆய்வின் பெரும்பகுதி நடைபெறவே இயலாது. நடைபெற்றாலும் அதன் முடிவை நம்புதல் அரிது.

முதலில் பெட் ஸ்கேனை எடுத்துக்கொள்வோம். புற்றுநோய் உயிரணுக்கள் பல, இயல்பான உயிரணுக்களைக் காட்டிலும் மிகுதியாகக் குளுக்கோசைப் பயன்படுத்துகின்றன என்பதை ஜெர்மானிய அறிஞர் ஆட்டோ வார்பர்க் 1920களில் எடுத்துக்காட்டினார். குளுக்கோசை ஒத்த ஒரு பொருளில் ஃபுளூரின்-18 என்னும் கதிரியக்க அணுவைப் பொருத்தி உடலிற் செலுத்தினால், உயிரணு அதனைச் சர்க்கரை என்றே கொண்டு உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆனால் அதனை முழுமையாக எரித்துத் தீர்க்க மாட்டாது. அப்பொருள் உள்ளேயே தங்கிவிடும். அங்கிருந்து வெளிப்படும் பாசிட்ரான், அருகிலுள்ள எலெக்ட்ரானுடன் கூடி இரண்டும் அழியும்போது, எதிரெதிர்த் திசைகளில் இரு காமாக் கதிர்கள் புறப்படும். சுற்றிலும் உள்ள உணர்கருவிகள் அவ்விரண்டையும் ஒருசேரப் பற்றி, அவை புறப்பட்ட இடத்தைக் கணக்கிட்டுப் படமாக்குகின்றன. எஃப்.டி.ஜி. எனச் சுருக்கமாக வழங்கும் இம்மருந்தை மூளையும் மிகுதியாக ஏற்கும். காசநோய் தாக்கிய இடமும் ஏற்கும். மின்னுவதெல்லாம் பொன்னன்று என்பதுபோல், படத்தில் ஒளிர்வதெல்லாம் புற்றன்று.

இதில் ஓர் இடர் உண்டு. ஃபுளூரின்-18இன் அரை ஆயுள் ஏறத்தாழ 110 நிமிடமே. காலை 6 மணிக்கு ஆயத்தமான மருந்தின் கதிரியக்கம் 7.50க்குப் பாதியாகும்; 9.40க்குக் காலாகும், 11.30க்கு, நம் பழைய வாய்பாட்டு முறையிற் சொன்னால், அரைக்கால் பங்கே எஞ்சும். வாங்கி அடுக்கி வைக்கத்தக்க சரக்கு அன்று இது. அதனை ஆக்குவதற்கோ சைக்ளோட்ரான் எனப்படும் துகள்முடுக்கியும், கதிர்வீச்சைத் தடுக்கும் கனத்த சுவர்களும், தேர்ந்த வேதியியலாரும் வேண்டும். ஒவ்வொரு மருத்துவமனையும் இவற்றையெல்லாம் நிறுவிக்கொள்ள இயலாது. எனவே ஓரிடத்தில் ஆக்கிப் பல இடங்களுக்கு விரைந்து அனுப்புவதே வழி.

இம்மருந்து மனித உடலில் முதன்முதல் செலுத்தப்பட்டதே அவ்வாறுதான். 1976ஆம் ஆண்டு, நியூயார்க் மாநிலத்தின் லாங் தீவிலுள்ள புரூக்ஹேவன் தேசிய ஆய்வுக்கூடத்தில் எஃப்.டி.ஜி. ஆக்கப்பெற்று, விமானத்தில் பிலடெல்பியா நகருக்கு அனுப்பப்பட்டது. அங்கே பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில், ஈரானிற் பிறந்த மருத்துவர் அபாஸ் அலவி அதனை இரு தன்னார்வலர்களுக்குச் செலுத்தினார். முடுக்கியும் வேதியியல் திறனும் ஓரிடத்தில். மருத்துவரும் படக்கருவியும் மற்றோரிடத்தில். அன்று அவர்கள் நாடியது மூளையின் செயல்பாட்டை அறிவதே. இம்மருந்து கட்டிகளில் சென்று சேர்வதைப் புரூக்ஹேவன் குழுவினர் விலங்குகளில் ஆராய்ந்து வெளியிட்டது 1980இல். ஆக, புற்றுநோய்க்குப் பயன்படும் என்பது தெளிவாவதற்கு முன்பே இம்மருந்து பங்கீட்டில் பிறந்துவிட்டது. நம் நாட்டில் முதல் மருத்துவச் சைக்ளோட்ரான் மும்பையிலுள்ள கதிர்வீச்சு மருத்துவ மையத்தில் 2002இல் அமைந்தது.

அரை ஆயுள் என்பது ஏட்டுக் கணக்கு மட்டுமன்று. அன்று படம் எடுக்கவேண்டிய நோயாளி பல மணி நேரம் உண்ணாதிருக்க வேண்டும். இரத்தச் சர்க்கரை அளவு பார்க்கப்படும். மருந்து ஏறியபின் ஏறத்தாழ ஒரு மணி நேரம் அசையாது ஓய்ந்திருக்க வேண்டும். மருந்து ஏற்றிய வண்டி நெரிசலில் சிக்கினால், பசியோடு காத்திருக்கும் ஒரு வரிசையே குலைந்துபோகும்.

ஆய்வுக்கூடச் சுண்டெலிகளுக்கான படிமக்கருவிகளும் பொதுவில் வைக்கப்படுவனவே. மின்மினிப் பூச்சியின் ஒளிக்குக் காரணமான நொதியை ஆக்கும் மரபணுவைப் புற்றணுக்களிற் சேர்த்து, கட்டி வளர்வதை ஒளியாகக் காண்கின்றனர். இதனால் ஒவ்வொரு கட்டத்திலும் எலிகளைக் கொன்று பார்க்காமல், ஒரே எலியைப் பல வாரம் தொடர இயலுகிறது. அமெரிக்காவின் பெரிய புற்றுநோய் மையங்களில் இத்தகைய கருவிகள் எந்த ஒரு பேராசிரியரின் உடைமையாகவும் இரா. முறை பதிந்து, கட்டணம் செலுத்தி, எவரும் பயன்படுத்தலாம். கருவியைவிட அதனை இயக்கும் வல்லுநரே அங்கு பெருஞ்செல்வம் என்பது என் கருத்து. கருவி வாங்க நன்கொடை தருவோர் உண்டு, ஆண்டுதோறும் ஊதியம் தர முன்வருவோர் அரியர்.

இனி, கருவியைப் பங்கிடுவதினும் கடினமானது படத்தைப் பங்கிடுவது. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் ஆதரவில் 2011இல் புற்றுநோய்ப் படிமக் காப்பகம் ஒன்று தொடங்கப்பெற்றது. அதிலுள்ள தொகுதிகளுள் புகழ்பெற்ற ஒன்று 1018 நுரையீரல் சி.டி. படங்களைக் கொண்டது. ஏழு கல்விசார் மையங்களும் எட்டுப் படிமக்கருவி நிறுவனங்களும் கூடித் தொகுத்தது அது. ஒவ்வொரு படத்தையும் தேர்ந்த மருத்துவர் நால்வர் முதலில் தனித்தனியே பார்த்து முடிச்சுகளைக் குறித்தனர். பிறகு, மற்ற மூவரின் குறிப்புகளைப் பெயரின்றிக் கண்டு, தத்தம் முடிவை மீண்டும் ஆராய்ந்தனர். ஒருமித்த கருத்துக்கு வருமாறு எவரும் வற்புறுத்தப்படவில்லை. 3 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் அளவுள்ள முடிச்சு என ஒருவரேனும் குறித்தவை 2669. நால்வரும் ஒருங்கே அவ்வாறு குறித்தவை 928 மட்டுமே.

மூன்றில் ஒரு பங்கைச் சற்றே கடந்த அளவு! அனுபவம் மிக்க நால்வர், ஒரே படம், பிறர் குறிப்பையும் கண்டபின் இந்நிலை. இதனைக் கண்டு மருத்துவரைக் குறைகூறுதல் பேதைமை. நிழலுக்கும் முடிச்சுக்கும் இடைப்பட்ட எல்லை அத்துணை நுண்ணியது. ஆனால் ஒரே மருத்துவமனையில் ஒரே மருத்துவர் குறித்த படங்களைக் கொண்டு ஒரு கணினியைப் பழக்கினால், அது நோயைக் கற்குமா, அம்மருத்துவரின் பழக்கத்தைக் கற்குமா? தமிழ்த்துறை மாணவர்க்கு இவ்வினா புதிதன்று. உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்தபோது ஓரேட்டை மட்டும் நம்பினாரல்லர். பல ஏடுகளைத் தேடி ஒப்புநோக்கினார். மாறுபட்ட பாடத்தை மறைக்காமல் தருவதே நல்ல பதிப்பு. அந்நுரையீரல் தொகுதியும் நால்வர் குறிப்பையும் நான்காகவே வைத்திருக்கிறது.

ஆயின் ஏட்டுக்கும் நோயாளியின் படத்துக்கும் வேறுபாடு உண்டு. படக்கோப்பின் உள்ளே நோயாளியின் பெயர், மருத்துவமனை எண், நாள் முதலியன பொதிந்திருக்கும். காப்பகத்தார் பெயரையும் எண்ணையும் நீக்குகின்றனர். நாள்களை ஒரே அளவாக நகர்த்தி, இரு படங்களுக்கு இடைப்பட்ட கால அளவு மட்டும் மாறாதவாறு காக்கின்றனர். இவ்வளவு போதும் என்றே பலரும் கருதியிருந்தனர். 2019இல் மேயோ கிளினிக் ஆய்வாளர்கள், 84 தன்னார்வலரின் தலை எம்.ஆர்.ஐ. படங்களிலிருந்து முகங்களை மீட்டுருவாக்கி, முகமறி மென்பொருள் கொண்டு அவர்களுடைய நிழற்படங்களோடு ஒப்பிட்டனர். 70 பேர் சரியாக அடையாளம் காணப்பட்டனர்.

முகப்பகுதியை அழித்துவிடலாம் என்றால் மூளைக்கட்டி ஆய்வுக்கு அது பெரும்பாலும் பொருந்தும். வாயிலும் தாடையிலும் தொண்டையிலும் தோன்றும் புற்றுக்கு அது பொருந்தாது. அழிக்கவேண்டிய இடமே ஆராயவேண்டிய இடமாக உள்ளது. அதனாலேயே தலை, கழுத்துப் படங்கள் உள்ள தொகுதிகள் பலவற்றை, எவரையும் அடையாளம் காண முயலேன் என ஒப்பந்தத்திற் கையொப்பமிடும் ஆய்வாளர்க்கே அக்காப்பகம் திறந்து காட்டத் தொடங்கியது.