யமுனையைப் பின்தொடர்ந்து ஒரு சாலைப் பயணம்

திரிவேணி சங்கமத்தில் ஒரு முழுக்குப் போட வேண்டும்; தாத்தாவின் அஸ்தியில் ஒரு பிடியை அங்கு கரைக்க வேண்டும். பாட்டியின் இந்த ஆசைக்காகத்தான் கடந்த டிசம்பர் விடுமுறையில் அப்பா, பாட்டி, நான் மூவரும் டெல்லிக்கு விமானம் ஏறினோம். அங்கிருந்து ஓட்டுநருடன் ஒரு வாடகைக் கார். மதுரா, ஆக்ரா, பிரயாக்ராஜ், காசி என எட்டு நாள் பயணம்.

புறப்படும் முன்பே எனக்கு ஒரு கவலை இருந்தது. பலதுறைத் தொழிற்கல்லூரியில் நான் படிப்பது நீர் சுத்திகரிப்பு தொடர்பான துறை. பாட்டிக்கு நீரிழிவு. இடது காலில் சில மாதங்களாக ஆறாத ஒரு புண் வேறு. அந்தக் காலோடு அவர் ஆற்றில் இறங்கினால் என்ன ஆகும்? "அதெல்லாம் கங்கம்மா பாத்துக்குவா" என்று பாட்டி பேச்சை முடித்துவிட்டார்.

நுரை மிதந்த ஆறு

டெல்லியில் யமுனையை முதன்முதலாகப் பார்த்தது காளிந்தி குஞ்ச் பகுதியில். கறுத்த நீரின் மேல் வெள்ளை நுரை ஆங்காங்கே மிதந்தது. சோப்பு, சலவைத்தூள் கலந்த கழிவுநீர் தடுப்பணையிலிருந்து விழும்போது இப்படி நுரைக்கிறது.

இமயமலையில் பிறந்து சுமார் 1,376 கிலோமீட்டர் ஓடும் ஆறு இது. டெல்லியில் வசீராபாத்திலிருந்து ஓக்லா வரை அது கடக்கும் தூரம் வெறும் 22 கிலோமீட்டர்தான். ஆனால் ஆற்றில் சேரும் மாசில் பெரும்பகுதி அந்தத் தூரத்திற்குள்தான் கலக்கிறது. டெல்லிக்கு முன்பே ஹரியானாவின் ஹத்னிகுண்ட் தடுப்பணையில் பாசனத்திற்காக நீர் திருப்பப்படுகிறது. மிஞ்சியதில் குடிநீருக்காக வசீராபாத்தில் ஒரு பங்கு எடுக்கப்படுகிறது. அதன்பின் கோடைக்காலத்தில் ஆற்றில் ஓடுவது பெரும்பாலும் நஜஃப்கர் போன்ற வடிகால்கள் கொண்டுவரும் கழிவுநீர்தான்.

"இதுவா பாட்டி உங்க யமுனை?" என்று கேட்டேன். என் குரலில் கொஞ்சம் ஏளனம் இருந்தது உண்மை.

பாட்டி கோபப்படவில்லை. "ஏம்மா, சிங்கப்பூர் ஆறு மட்டும் அப்ப எப்படி இருந்துச்சுன்னு நெனைக்கிற? உங்க தாத்தா போட் கீயில தொங்காங்ல மூட்டை ஏத்திட்டு வீட்டுக்கு வந்தா, சட்டையிலயே ஆத்து நாத்தம் அடிக்கும். ரெண்டு தடவ தொவைச்சாலும் போகாது."

வகுப்பில் நானும் படித்ததுதான். 1977ல் தொடங்கிய துப்புரவுப் பணி முடிய 1987 ஆனது. பன்றிப் பண்ணைகளும் வாத்துப் பண்ணைகளும் அகற்றப்பட்டன, சாலையோரக் கடைகள் இடம் மாறின, தொங்காங் படகுகள் பாசிர் பாஞ்சாங்கிற்குப் போயின. தேர்வுக்காக மனப்பாடம் செய்த அந்தப் பாடத்தில் தாத்தாவின் சட்டையும் இருந்தது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

ஒரே ஆற்றின் கரையில்

மதுராவில் விஷ்ராம் படித்துறை. கம்சனை வதம் செய்தபின் கண்ணன் இளைப்பாறிய இடம் என்பது நம்பிக்கை. அங்கும் யமுனைதான். ஆக்ராவில் 1632ல் கட்டத் தொடங்கிய தாஜ்மகாலின் பின்புறத்தில் ஓடுவதும் அதே யமுனை. மகன் ஔரங்கசீப்பால் சிறைவைக்கப்பட்ட ஷாஜகான், 1666ல் இறக்கும்வரை ஆக்ரா கோட்டையிலிருந்து தாஜ்மகாலைப் பார்த்துக்கொண்டிருந்தது இந்த ஆற்றின் வளைவுக்கு அப்பாலிருந்துதான்.

டெல்லி செங்கோட்டை, ஆக்ரா கோட்டை, பிரயாக்ராஜில் 1583ல் அக்பர் கட்டத் தொடங்கிய கோட்டை மூன்றும் யமுனைக் கரையில் எழுந்தவை. பாடநூலில் தனித்தனிப் பக்கங்களில் பார்த்த ஊர்களை ஓர் ஆறு கோத்து வைத்திருக்கிறது. விமானத்தில் ஊர் ஊராக இறங்கியிருந்தால் இது எனக்குப் புரிந்திருக்காது.

இரண்டு பாலங்கள்

ஆக்ராவிலிருந்து பிரயாக்ராஜ் ஏறத்தாழ 480 கிலோமீட்டர். விடியற்காலையில் கிளம்பினோம். மூடுபனியில் முன்னால் போன லாரியின் பின்விளக்குகூடத் தெரியவில்லை. ஓட்டுநர் ஒரு தாபாவில் வண்டியை நிறுத்தி, பத்து மணிக்குப் பனி விலகும்வரை எடுக்க மறுத்துவிட்டார். அவருக்குத் தமிழ் தெரியாது, எங்களுக்கு இந்தி தெரியாது. "மாதாஜி" என்று பாட்டியைக் காட்டிக் கையை ஆட்டினார். வயதானவரை வைத்துக்கொண்டு இந்தப் பனியில் ஓட்ட மாட்டேன் என்பது எல்லாருக்கும் புரிந்தது.

எட்டாவாவில் நான் கேட்டுக்கொண்டதால் கார் தெற்கே பிண்ட் செல்லும் சாலையில் திரும்பியது. முதலில் யமுனைப் பாலம். கீழே கலங்கிய, மந்தமான நீர். சில கிலோமீட்டர் தள்ளிச் சம்பல் ஆற்றுப் பாலம். அங்கே நீர் நீலப் பச்சையாக, கரையோர மணல் தெரியும் அளவுக்குத் தெளிவாக இருந்தது. கரியால் எனும் நீள்மூக்கு முதலைகள் வாழும் சரணாலயம் அது. கரையெங்கும் மண்மேடுகளும் பள்ளங்களும். ஒருகாலத்தில் கொள்ளையர்களுக்குப் பெயர்போன பகுதி. அதனால் கரையோரம் பெரிய நகரங்கள் அதிகம் வளரவில்லை. ஆறு தப்பித்தது.

எட்டாவாவுக்குச் சற்று அப்பால் சம்பல் யமுனையில் கலக்கிறது. நலிந்து வரும் யமுனைக்கு மறுபடி நீரோட்டம் கொடுப்பது அதுதான்.

சங்கமம்

பிரயாக்ராஜில் படகில் சென்றோம். ஒரு பக்கம் கங்கை வெளிறிய மண் நிறத்தில், மறுபக்கம் யமுனை பச்சையாக. குளிர்காலத்தில் வரும் கடற்காகங்கள் தலைக்கு மேல் கூச்சலிட்டன. படகுகளை இணைத்துக் கட்டிப் பலகை போட்டிருந்தார்கள். அதிலிருந்து இறங்கித்தான் முழுக்குப் போட வேண்டும்.

அஸ்தியைக் கரைத்த பாட்டி, கால்கட்டை அவிழ்க்கத் தொடங்கினார்.

"பாட்டி, டெல்லியில பாத்த தண்ணி இல்ல இது, ஒத்துக்கறேன். ஆனா நிறத்த வச்சுத் தண்ணியோட தரத்தச் சொல்ல முடியாது. எங்க முதல் பாடமே அதுதான். புண்ணுல கிருமி போனா கால எடுக்க வேண்டி வரலாம் பாட்டி." பயத்தில் என் குரல் உடைந்துவிட்டது. அப்பா ஒன்றும் பேசவில்லை.

பாட்டி வெகுநேரம் தண்ணீரையே பார்த்தார். பிறகு கட்டை மீண்டும் இறுக்கிக்கொண்டார். "சரி. நான் தலையில தெளிச்சுக்கறேன். உனக்குத்தான் புண்ணு இல்லையே. எனக்காக நீ முங்கு."

ஏளனம் பேசியவள் நான். மறுக்க வாய் வரவில்லை. மூக்கைப் பிடித்து, வாயை இறுக மூடி மூன்று முறை முங்கினேன். குளிரில் மூச்சு நின்றது. பாட்டி குனிந்து என் தலையைத் துவட்டிவிட்டார்.

காசியில் ஒரு கேள்வி

அங்கிருந்து காசி சுமார் 120 கிலோமீட்டர். இங்கே யமுனைக்குத் தனிப் பெயர் இல்லை, எல்லாம் கங்கைதான். அனுமன் படித்துறை அருகே, 1898 முதல் 1902 வரை காசியில் வாழ்ந்த பாரதி தங்கியிருந்த வீட்டைப் பார்த்தோம்.

நீங்களும் இந்தப் பாதையில் போவதாக இருந்தால் மூன்று யோசனைகள். டிசம்பர், ஜனவரியில் இரவிலும் அதிகாலையிலும் சாலைப் பயணம் வேண்டாம். ஒரு நாளைக் கூடுதலாக ஒதுக்குங்கள். முடிந்தால் தாத்தா பாட்டியை அழைத்துச் செல்லுங்கள்.

கடைசி மாலை படித்துறையில் உட்கார்ந்திருந்தபோது பாட்டி கேட்டார்: "நம்ம ஆத்த சுத்தம் பண்ணின மாதிரி யமுனையப் பண்ண முடியாதா?"

"நம்ம ஆறு மூணு கிலோமீட்டர் பாட்டி. இது எத்தனையோ மாநிலம் தாண்டி வருது" என்றேன்.

"மூணு கிலோமீட்டர்தானேன்னு அப்ப யாரும் சொல்லல. முடியாதுன்னுதான் சொன்னாங்க."

அடுத்த தவணைக்கான என் ஆய்வுக் கட்டுரைக்குத் தலைப்பு கிடைத்துவிட்டது. நஜஃப்கர் வடிகாலில் இருந்து தொடங்கப் போகிறேன்.