எதை நிலையாகக் கொண்டு அளப்பது?

சூரியனுக்கு மிக அருகிலுள்ள விண்மீன் பிராக்சிமா சென்டாரி. தூரம் 4.24 ஒளியாண்டுதான். ஆனால் வெறுங்கண்ணுக்குத் தெரியாது. கண்ணுக்கு எட்டும் கடைசி மீனைவிட ஏறத்தாழ நூறு மடங்கு மங்கல். சூரியனின் அக்கம்பக்கத்தில் இருப்பவற்றில் பெரும்பாலானவை இத்தகைய சிவப்புக் குறுமீன்களே. மங்கலான மீன்களை அளக்காவிட்டால் நம் சுற்றுப்புறமே நமக்குத் தெரியாது.

தூரத்தை அளக்கும் வழி பழையது. பூமி சூரியனைச் சுற்றுவதால், ஆறு மாதத்தில் நாம் நின்று பார்க்கும் இடம் 30 கோடி கிலோமீட்டர் மாறிவிடுகிறது. அருகிலுள்ள மீன், பின்னணி மீன்களுக்கு நடுவே துளி நகர்ந்ததுபோல் தெரியும். இதுவே இடமாறு தோற்றம். 1838இல் வானியலாளர் பெசல் இம்முறையில் 61 சிக்னி மீனின் தூரத்தைக் கண்டறிந்தார். ஒரு பாகையை 3,600ஆகப் பிரித்தால் கிடைப்பது வில்விநாடி. அவர் கண்ட கோணம் அதிலும் மூன்றில் ஒன்றுக்குக் குறைவு.

மங்கலான மீன்களுக்கென்றே 1964இல் அரிசோனாவின் ஃபிளாக்ஸ்டாஃபில் அமெரிக்கக் கடற்படை வானாய்வகம் 1.55 மீட்டர் தொலைநோக்கியை நிறுவியது. ஒரே மீனை ஆண்டுக்கணக்கில் தகடு தகடாகப் படமெடுத்தார்கள். எவ்வளவு பொறுமையாக அளந்தாலும் ஒரு சிக்கல் தீரவில்லை. பின்னணி மீன்களும் கொஞ்சம் நகர்கின்றனவே! அந்த நகர்வை உத்தேசமாகக் கணித்துத்தான் கூட்ட வேண்டியிருந்தது. எதை நிலையாகக் கொள்வது என்பதே இந்த அளவையின் உயிர்நாடி.

2013இல் ஏவப்பட்ட ஐரோப்பாவின் கையா விண்கலம் இதற்கு அழகான விடை தந்தது. 106.5 பாகை விலகிய இரு திசைகளை அதன் இரு தொலைநோக்கிகள் பார்த்தன. இரண்டின் காட்சியும் ஒரே கேமராவில் விழுந்தது. வெகு தூரம் விலகிய மீன்கள் ஒரே நேரத்தில் ஒரேபோல் நகர்வதில்லை. ஆகவே ஒவ்வொன்றின் முழு நகர்வையும் பிரித்தெடுக்க முடிந்தது. ஏறத்தாழ 180 கோடி மீன்கள் அதன் பட்டியலில் ஏறின.

ஆனால் வெயிலின் சூட்டில் அந்த 106.5 பாகையே இம்மியளவு அசைந்தது. அதைக் காட்டிக்கொடுத்தவை, தொலைதூர விண்மீன் மண்டலங்களின் ஒளிமிக்க மையங்களான குவேசார்கள். அவை பலநூறு கோடி ஒளியாண்டுக்கு அப்பால் இருப்பதால் நகர்வு பூஜ்யமாக வரவேண்டும். 2020இல் வெளியான தரவிலோ வில்விநாடியின் பத்து லட்சத்தில் 17 பங்கு குறைவாக வந்தது. இதைத் திருத்தாவிட்டால் 10,000 ஒளியாண்டில் உள்ள மீன் ஐந்நூறு ஒளியாண்டு தள்ளிப்போய்விடும்.

கையா 2025 மார்ச்சில் அணைக்கப்பட்டது. அதன் முழுத் தரவும் இன்னும் வெளியாகவில்லை. மிக மங்கலான மீன்களுக்கு ஒளி போதாததால், தனி மீனின் பிழை மேற்சொன்ன 17ஐப்போல் சுமார் முப்பது மடங்கு. அதைக் குறைக்க, மீதமுள்ள ஆண்டுகளின் பதிவுகள் சேர்ந்தாக வேண்டும்.