பழைய பென்ஸ் வாங்கப் போகிறீர்களா?

மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனம் இந்தியாவில் தயாரித்த முதல் கார், 1995-இல் புனேயில் இருந்த டெல்கோ தொழிற்சாலை வளாகத்திலிருந்து வெளிவந்தது. ‘டபிள்யூ124’ வரிசையைச் சேர்ந்த இ-கிளாஸ் அது. பெட்ரோலில் இ220, டீசலில் இ250டி. 1984 கடைசியில் அறிமுகமாகி, உலகம் முழுக்க 25 லட்சத்துக்கும் மேல் தயாரான வரிசை. அன்று தொழிலதிபர்கள் வீட்டு போர்டிகோவில் நின்ற அந்தக் கார், இன்று பல நேரம் ஒரு புதிய சின்னக் காரின் விலைக்கே கிடைத்துவிடுகிறது.

வாங்குபவர்கள் சறுக்குவதும் இந்த இடத்தில்தான். காரின் விலைதான் இறங்கியிருக்கிறது. ஸ்பேர் பார்ட்ஸ் விலை இறங்கவில்லை. அதனால் இந்த வண்டியில் யூகத்தில் மாற்றும் ஒவ்வொரு பாகமும் பர்ஸைக் காலி செய்யும். முதலில் சோதனை, பிறகே செலவு என்று இருப்பவருக்கு இது பல வருஷம் உழைக்கும்.

வொயரிங்கைப் பாருங்கள்

இ220-இன் பெரிய பலவீனம் இன்ஜின் வொயரிங். தொண்ணூறுகளின் முற்பகுதியில் வந்த பென்ஸ் இன்ஜின்கள் பலவற்றில், வயர்களின் மேலுறை இன்ஜின் சூட்டில் வருஷக்கணக்கில் வெந்து இறுகிவிடும். ஐட்லிங் நிற்காது, மிஸ்ஸிங் அடிக்கும், ஆக்ஸிலரேட்டர் மிதித்தால் இழுவை இருக்காது. ஸ்பார்க் பிளக், இன்ஜெக்டர், சென்சார் என்று வரிசையாக மாற்றியும் கோளாறு அப்படியே இருக்கும்.

சோதிப்பது எளிது. இன்ஜினை அணைத்து, ஆறவிட்டு, கனெக்டர் அருகே வயரை மூடியிருக்கும் ரப்பர் உறையைச் சற்றே பின்னுக்குத் தள்ளுங்கள். உள்ளே இருக்கும் வயரை மெதுவாக வளைத்துப் பாருங்கள். மேலுறை அப்பளம் போல நொறுங்கி, செம்பு தெரிந்தால் காரணம் கிடைத்துவிட்டது. டேப் சுற்றி ஓட்டுவது ஆபத்து; உள்ளே ஷார்ட் ஆனால் கன்ட்ரோல் யூனிட்டே போய்விடும். முழு வொயரிங்கையும் மாற்ற வேண்டும், அல்லது சூடு தாங்கும் வயரில் புதிதாகக் கட்ட வேண்டும். த்ராட்டில் யூனிட்டின் வயரையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

சூடும் சார்ஜும்

டிராஃபிக்கில் நிற்கும்போது சூடு ஏறி, ஓடத் தொடங்கியதும் இறங்கினால் முதல் சந்தேகம் ஃபேன் மேல். நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போது ஏறினால் ரேடியேட்டர் அடைப்பையும் வாட்டர் பம்ப்பையும் பாருங்கள். ரேடியேட்டரில் போர்வெல் தண்ணீர் ஊற்றவே கூடாது. உப்பு படிந்து அடைத்துவிடும்.

ராத்திரி நிறுத்திய வண்டி காலையில் ஸ்டார்ட் ஆகவில்லையா? புது பேட்டரி வாங்கும் முன், பழையதன் நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, இடையில் மல்ட்டிமீட்டரை ஆம்பியரில் வைத்து இணையுங்கள். கதவுகளை மூடி அரை மணி நேரம் கழித்தும் 50 மில்லி ஆம்பியருக்கு மேல் ஓடினால் எங்கோ மின்சாரம் கசிகிறது. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக எடுங்கள்; எதை எடுத்ததும் அளவு சட்டென்று இறங்குகிறதோ, அந்த லைனில்தான் கோளாறு. மீட்டர் இணைப்பில் இருக்கும்போது மட்டும் ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். 1995-ஆம் வருஷத்து ரப்பர் குழாய்கள் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. பெட்ரோல் ஹோஸ்களை எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றிவிடுவது நல்லது. கசிவு என்றால் நெருப்பு அபாயம்.

காகிதமும் முக்கியம்

இந்த வரிசைக் கார்கள் எல்லாமே 15 வருஷம் தாண்டியவை. எஃப்.சி. காட்டி ஆர்.சி. புதுப்பித்திருக்கிறார்களா, எத்தனை வருஷம் பாக்கி என்று பாருங்கள். இன்ஜின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் ஆர்.சி.யோடு பொருந்த வேண்டும். வெளிமாநில வண்டி என்றால் என்.ஓ.சி. கையில் வராமல் பணம் கொடுக்காதீர்கள். டயர் புதிதாகத் தெரிந்தாலும் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் படியுங்கள்: 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரத்தில் தயாரானது.

வாங்கிய விலையில் மூன்றில் ஒரு பங்கையாவது முதல் வருஷ வேலைக்கென்று தனியாக எடுத்து வையுங்கள். பட்டறையில் ‘எவ்வளவு ஆகும்?’ என்று கேட்பதற்கு முன் ‘எதனால் ஆச்சு?’ என்று கேளுங்கள். கெட்டுப்போன பாகத்தைக் கையில் எடுத்துக் காட்டி விளக்கும் மெக்கானிக் கிடைத்தால், கூலி சற்றுக் கூட என்றாலும் அவரை விடாதீர்கள்.